கடல் கூப்பிடு தூரம்: ஆறுமுகநேரிக்காரருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ பெங்களூரிலோ காலமெல்லாம் உழைத்து, பணி ஓய்வுப் பணத்தில் ஆறுமுகநேரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்கள், கட்டலாமா என்று யோசிப்பவர்கள், பிறந்ததிலிருந்து இங்கேயே இருந்தும் கடலைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று நினைவில்லாதவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி.

மனை விற்றவர் தந்த வண்ணத் தாளில் நான்கு வரி இருந்திருக்கும். திருச்செந்தூர் கோயில் அருகில், ரயில் நிலையம் அருகில், குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளம் அருகில், கடற்கரை மிக மிக அருகில். முதல் மூன்றையும் நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம். நான்காவதற்குத்தான் கொஞ்சம் விவரம் வேண்டும். இந்தக் கடற்கரைக்கு ஏற்கெனவே நிறைய சொந்தக்காரர்கள் உண்டு. ஆளுக்கொரு மாதமும் ஆளுக்கொரு வேளையும் பிரித்துக்கொண்டு பல தலைமுறையாக அனுபவத்தில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கடைசியாக வந்தவர். உங்கள் முறை எப்போது வரும் என்பதைத்தான் கீழே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

படி 1: கடல் எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கிழக்கே. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மொட்டை மாடியில் ஏறிக் கிழக்கும் வடகிழக்குமாகப் பார்த்தால் முதலில் தெரிவது நீலமல்ல, வெள்ளை. அதுதான் உப்பளம். வரப்பு பிடித்து நடந்தால் குறுக்கே போய்விடலாம் என்று தோன்றும். தோன்றியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வரப்பு பொதுப் பாதையில்லை, அதன் இரண்டு பக்கமும் யாரோ ஒருவருடைய உப்பு விளைந்துகொண்டிருக்கிறது.

கடல் நேற்று இருந்த இடத்தில் நாளை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கையை ஒரு நடை போய்ப் பாருங்கள். தாமிரபரணி கொண்டுவந்து தள்ளிய வண்டலில் கடல் பின்வாங்கி, ஊர் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வயலும் வாழையுமாக நிற்கிறது. கொற்கைக்குப் பிறகு காயல் துறைமுகமானது. அதுவும் தூர்ந்து இன்றைக்குப் பழையகாயல் என்று பெயர் வாங்கிவிட்டது. ஆகவே கடற்கரை மனை வாங்கிக் கடலைத் தொலைத்த முதல் ஆட்கள் நீங்கள் இல்லை; உங்களுக்கு முன்னால் ஒரு பேரரசே இருக்கிறது. திருச்செந்தூரில் கதை தலைகீழ். அங்கே கோயிலுக்கு முன்னால் கடல் கரையை அரித்துக்கொண்டு உள்ளே வருவது 2025 தொடக்கத்தில் பெரிய செய்தியானது. பத்திரம் எழுதும்போது நான்கு எல்லையில் 'கிழக்கே கடல்' என்று மட்டும் எழுத வேண்டாம்.

கூடுதல் தகவல்: கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் அமலில் உள்ளன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. எனவே படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அலை தெரியும் என்று ஒருவர் சொன்னால், ஜன்னல் இருக்காது அல்லது கடல் இருக்காது. இரண்டும் இருந்தால் வக்கீல் இருப்பார்.

படி 2: கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள்

*காயல்பட்டினம்.* மூன்று நான்கு கிலோமீட்டர்தான். அகலமான மணல். சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். பெருநாள் சமயத்தில் ஹாங்காங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஊர் திரும்பியவர்களும் சேர்ந்துகொள்ள, மணலில் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். பஸ் ஏறும்போது "காயப்பட்டணம் போகுமா, அடைக்கலாபுரம் வழியா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கேட்காமல் ஏறினால் நேரே முருகனிடம் போய் இறங்குவீர்கள்.

*திருச்செந்தூர்.* இது முருகனின் கடற்கரை. நீங்கள் பக்தராக வந்தால் வரவேற்பு உண்டு, பொழுதுபோக்க வந்தால் பொறுத்துக்கொள்வார்கள். கடலில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு நாழிக்கிணற்றுக்குப் போய் நல்ல தண்ணீரில் குளிப்பதுதான் முறை. அலைக்கு இத்தனை பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர் எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், பதில் கேட்க யாரும் நிற்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியையொட்டிச் சில நாள் கடல் உள்வாங்கும். பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். அந்தப் பாறைமேல் நின்று செல்ஃபி எடுப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், நல்ல எலும்பு டாக்டரும் வேண்டும்.

*புன்னைக்காயல்.* தாமிரபரணி கடலில் சேரும் இடம். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர். இங்கே கடற்கரை என்று தனியாக ஒன்று கிடையாது. படகும் வலையும் வீடும் கோயிலும் சேர்ந்ததுதான் கரை. பாய் விரிக்க இடம் தேடினால், ஏற்கெனவே அங்கே கருவாடு விரித்திருக்கும்.

*மணப்பாடு.* கொஞ்சம் தூரம், ஆனால் அழகுக்கு இதுதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று, அதன்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். இப்போது அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் வருகிறார்கள். செப்டம்பர் 14 திருவிழாவையொட்டிப் போனால் மனிதத் தலைகளுக்கு நடுவே கடலும் கொஞ்சம் தெரியும்.

*தேரி.* காயாமொழிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல். மேடு, பள்ளம், காற்று, சூடு எல்லாம் உண்டு. கடல் மட்டும்தான் இல்லை. கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பரிந்துரைக்கலாம்.

படி 3: பன்னிரண்டு மாத அட்டவணை

தை, மாசி: உச்சகட்டப் பருவம். வாடை தணிந்து கடல் அமைதியாக இருக்கும். அவித்த பனங்கிழங்கு கையிலிருந்தால் சொர்க்கம். ஆனால் தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்கள் சாலை முழுக்க இருப்பார்கள். உங்கள் கார் அவர்கள் நடை வேகத்தில் போகும். அடுத்தது மாசித் திருவிழா.

பங்குனி, சித்திரை: பதநீரும் நுங்கும் வந்துவிடும். காலை ஒன்பதுக்கு மேல் மணலில் கால் வைத்தால் அப்பளம் பொரியும். கடற்கரையை அனுபவிக்க உகந்த நேரம் விடியலுக்கு முன். அப்போது எழுந்திருக்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை.

வைகாசி: விசாகக் கூட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறும். நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் மீனுக்கு உங்களைப் போல் பத்துப் பேர் நிற்பார்கள். போதாததற்கு 'கள்ளக்கடல்' எச்சரிக்கை வேறு. காற்றே இல்லாமல், எங்கோ தொலைதூரப் பெருங்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து கரையேறும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே சொல்லும். கடலே இல்லாத ஊரிலிருந்து கடல் எச்சரிக்கை வருகிறதே என்று விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனி, ஆடி, ஆவணி: கச்சான். மேற்கே மலைக் கணவாய்களில் நுழைந்து வரும் காற்றுக்கு இடையில் தடுக்க ஒன்றுமில்லை. மணல் பறந்து வந்து சுண்டல் பொட்டலத்தில் விழும், பிறகு கண்ணில் விழும். கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். தியானம் பழகியவர்களுக்கு நல்லது.

புரட்டாசி: குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா. காளி, குறத்தி, குரங்கு, போலீஸ், ராஜா என்று வேடம் கட்டியவர்கள் பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்வார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அன்றைக்கு அந்தக் கரை அம்மனுடையது.

ஐப்பசி: தீபாவளி முடிந்து கந்த சஷ்டி. திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கான பேருக்கு நடுவில் முருகன் சூரனை வெல்வார். அந்தப் பக்கம் போகும் சாலை ஒவ்வொன்றாக அடைபடும். வென்றது முருகன்தான் என்பதை டிவியில் உறுதி செய்துகொள்ளலாம்.

கார்த்திகை, மார்கழி: மழை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். முந்தின இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம். தண்ணீரைப் பார்ப்பதற்காகக் கிளம்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. இந்த இரண்டு மாதமும் வீட்டிலேயே இருந்து, மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலையோ, சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குரூஸின் 'கொற்கை'யையோ படியுங்கள். மின்சாரம் இருந்தால்.

படி 4: விருந்தாளிகளைக் கையாளுங்கள்

இந்த ஊரில் கடற்கரைக்குப் போவது என்பது பெரும்பாலும் விருந்தாளி வந்தால் நடக்கும் சடங்கு. சென்னையிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்:

"மச்சான், உமக்கென்ன, நெனச்ச நேரம் பீச்சு!"

"ஆமா மாப்ள" என்று சொல்லுங்கள். உங்கள் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இவுகளா? போன பெருநாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரக கூப்பிட்டதுக்கே மேலுக்கு முடியலன்னு படுத்துக்கிட்டாக" என்று போட்டுக்கொடுப்பார். அதைத் தடுக்க வழியில்லை.

விருந்தாளியின் கோரிக்கைப் பட்டியல் எப்போதும் ஒன்றுதான். ஒன்று, கடல் குளியல். இரண்டு, தரிசனம், கூட்டமில்லாத நேரத்தில். மூன்று, இறால், விலை மலிவாக. நான்கு, முத்து. "முத்து நகரம்னு பேரு, முத்து எங்க கெடைக்கும்?" என்பார். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல் என்று சொன்னால் முகம் வாடிவிடும். திருச்செந்தூர்க் கடைத்தெருவில் சிப்பித் தோரணமும் பாசிமாலையும் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். இன்னும் மனத்தாங்கல் இருந்தால் சில்லுக்கருப்பட்டி.

மார்க்கோ போலோவை உதாரணம் காட்டுவதும் பலன் தரும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயலுக்கு வந்த அந்த வெனிஸ்காரர், இங்கே ஆட்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். கடலில் குளித்ததாக ஒன்றும் எழுதவில்லை. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தாகிவிட்டது. விருந்தாளியை ஆத்தூர்க் கொடிக்காலுக்குக் கூட்டிப்போய்விட்டு, உலகப் பயணியின் வழியில் நடந்தோம் என்று சொல்லிவிடலாம்.

படி 5: உப்பளத்தில் சூரியோதயம்

கடல்வரை போக முடியாத நாளில் உப்பளத்தின் ஓரமாவது நிற்கலாமே என்று தோன்றும். தெப்பத்தில் தேக்கிய உப்புநீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, கனம் கூடிக்கொண்டே வரும். பதம் வந்த பாத்தியில் மேலே மெல்லிய ஆடை படரும். விரலால் தொட்டால் உடைந்து அடியில் இறங்கும். தரையில் பூத்துக் கிடக்கும் உப்பை நீளமான மரப்பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். குவியலின் உச்சியில் முதல் வெளிச்சம் விழுவது உண்மையிலேயே பார்க்க வேண்டிய காட்சி.

அதைப் பார்க்க நீங்கள் ஆறு மணிக்குப் போய் நிற்கும்போது, வேலைக்கு வந்தவர்கள் கருக்கலுக்கு முன்பே வந்து பாதியை முடித்திருப்பார்கள். தலையில் துண்டைச் சுற்றிக் கட்டி, கணவருடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்ட ஒரு அம்மா பலகையை நிறுத்தாமலே கேட்பார்:

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு வெள்ளன வந்து நிக்கிய?"

"சூரியன் உதிக்கிறதைப் பாக்கலாம்னு..."

"அது தெனமும் வரும். அது ஏறுறதுக்குள்ள நாங்க வாரி முடிச்சிட்டுப் போணும். கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கிடுங்க, நெழல் விழுது."

நகர்ந்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு அந்த வெள்ளைத் தரையைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உங்களால் ஐந்து நிமிடம் பார்க்க முடியாது. அவர் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் விரலிடுக்கில் வெடிப்பு, அந்த வெடிப்பில் உப்பு. மழைக்காலத்தில் பாத்தி முழுகிவிட்டால் வேலையும் இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு இந்தக் கரையில். காலை உணவில் உப்பு குறைவு என்று சொல்லும் முன் இந்தப் படியை ஒருமுறை மறுபடி வாசியுங்கள்.

படி 6: கரையில் நடந்துகொள்ளும் முறை

படகு நிழலில் ஒருவர் தூங்கினால், அவர் இரவெல்லாம் கடலில் இருந்தவர். எழுப்பி வழி கேட்கக் கூடாது. விரித்திருக்கும் வலையில் செருப்புக் காலோடு ஏறக் கூடாது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று ஈ விரட்டக் கூடாது. கையைத் தூக்கிய ஒரே குற்றத்துக்கு ஒரு கூடை சாளை உங்கள் தலையில் வந்து சேரும்.

"கடல் எப்படி இருக்கு?" என்று கேட்பதானால் பொறுமையாக நின்று பதிலைக் கேளுங்கள். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எப்போது திரும்பும், தண்ணீர் தெளிவா கலங்கலா என்று உங்கள் கைபேசிச் செயலிக்குத் தெரியாத நாலு விஷயம் சொல்வார்கள். குளிக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்ன நாளில் குளிக்க வேண்டாம். பரதவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கான நாள், அன்று கடலுக்குப் போவதில்லை. சந்தேகம் கேட்கத் தோதான நாள் அதுதான். பூசை முடிந்த பிறகு.

படி 7: வீட்டுப் பராமரிப்பு

ஆண்டு முழுவதும் கடற்கரையை அனுபவிப்பதில் தவறாமல் நிறைவேறும் பகுதி இது. நீங்கள் கடற்கரைக்குப் போகாவிட்டாலும் கடற்கரை உங்கள் வீட்டுக்கு வரும். முதலில் கேட்டின் கீழ்ப்பட்டை பொரியும். அடுத்து ஜன்னல் கம்பி, வாஷிங் மெஷினின் அடிப்பக்கம், ஏசியின் வெளிப்பெட்டி, மொபெட்டின் சைலன்சர். பூட்டுக்கு மாதம் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். விடாவிட்டால் வெளியூர் போய்த் திரும்பும் நாளில் சாவி உள்ளே போகும், திரும்பாது. வசதி இருந்தால் எவர்சில்வர், இல்லையென்றால் மரம். இரும்பு வாங்கியே தீருவேன் என்றால், பழைய இரும்புக்காரரின் நம்பரையும் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*கடலில் சூரியன் மறைவதை எந்த இடத்தில் நின்று பார்க்கலாம்?*
இது கிழக்குக் கரை. அலையைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வாழைத்தோட்டத்தில் மறையும். படம் எடுக்கத் திரும்பி நில்லுங்கள்.

*ராக்கெட் தளம் வந்தால் கடற்கரை மேம்படுமா?*
குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். சிறிய செயற்கைக்கோள்களை அங்கிருந்து நேரே தெற்கு நோக்கி ஏவுவதற்காக. ஏவும் நாட்களில் கடலுக்குள் போகத் தடை விதிப்பது ஸ்ரீஹரிகோட்டாவில் வழக்கம். அதே வழக்கம் இங்கும் வந்தால், அட்டவணையில் இன்னொரு சொந்தக்காரர் சேர்ந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

*முருகன், முத்தாரம்மன், மீனவர், உப்பளம், காற்று, மழை, ராக்கெட் எல்லாருக்கும் கொடுத்தது போக எனக்கு எப்போதுதான் முறை?*
யாரும் வேண்டிக்கொள்ளாத, யாரும் வேலை பார்க்காத, காற்றும் ஓய்ந்த வேளை. அப்படிப்பட்ட வேளை எல்லா மாதத்திலும் ஒன்றிரண்டு வரத்தான் செய்கிறது. முன்பதிவு மட்டும் கிடையாது. மாடிக்குப் போய்ப் பாருங்கள். தென்னை ஓலை அசையாமல் இருந்தால் அப்போதே கிளம்புங்கள், காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் போயிற்று. கச்சான் அடித்தால் போகும் யோசனையை விட்டுவிட்டுத் துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள். ஆடிக் காற்றில் அரைமணியில் காய்ந்துவிடும். கிளிப் போட மறக்க வேண்டாம். அடிப்பது மேற்குக் காற்று, மறந்தால் உங்கள் வேட்டி உங்களுக்கு முன்னால் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.